மீனம்பாக்கம் ஓடுபாதையும் நம் கடைக் குப்பையும்

நம் சங்கக் கூட்டங்களில் விமான நிலையத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் மூன்று குறைகளோடு முடிந்துவிடுகிறது. கார் நிறுத்தக் கட்டணம் அதிகம். உள்ளே ஒரு காப்பி விற்கிற விலைக்கு வெளியே ஒரு குடும்பமே டிபன் சாப்பிடலாம். பெங்களூரும் ஹைதராபாத்தும் எங்கேயோ போய்விட்டன, நாம் நின்ற இடத்திலேயே நிற்கிறோம். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. நாமும் சேர்ந்து பேசியவர்தாம். ஆனால், ஒரு கடையை விலைக்கு வாங்க வருகிற வியாபாரி அதன் முகப்பைப் பார்த்தா விலை பேசுகிறார்? கிட்டங்கியில் ஈரம் கசிகிறதா, கூரை ஒழுகுகிறதா, எலி உண்டா, வடிகால் எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்க்கிறார். விமான நிலையத்தை மட்டும் நாம் கண்ணாடியையும் விளக்கையும் பார்த்து மதிப்புப் போடுகிறோம்.

இந்த எண்ணம் நமக்குத் தானாக வந்துவிடவில்லை. அடையாறில் நாம் சரக்குப் போடும் கடை ஒன்றில் வாடிக்கையாளரான ஒரு பெரியவர், விமான நிலையத்தின் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் துவரம் பருப்பு விலை ஏறியதைப் பற்றி நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். நாமும் விடாமல், "உங்கள் விமான நிலையத்தில் கூரை விழுகிறதே சார்" என்று திருப்பிக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "அண்ணாச்சி, கூரை விழுந்தால் பேப்பரில் வரும். நாங்கள் அத்தனை வருஷம் பார்த்த வேலை எதுவும் பேப்பரில் வராது. வந்தால்தான் தப்பு" என்றார். அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், செய்தித்தாள்களில் படித்ததையும், 2015-இல் நாமே பட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர் நாம். படித்த பொறியாளர்கள் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கூரைக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2013 ஜனவரி 31 அன்று அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரி புதிய முனையங்களைத் திறந்து வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் கண்ணாடித் தகடும் மேற்கூரைப் பலகையும் விழுந்ததை எண்பது தடவைக்கு மேல் பத்திரிகைகள் எண்ணிவிட்டன. கடைக்கு வருகிற பிள்ளைகள்கூடக் கேலி பேசினார்கள். பிறகு 2023 ஏப்ரல் 8 அன்று 1,260 கோடி ரூபாய்ச் செலவில் கட்டிய அடுத்த முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். கோலம், கோயில், பரதநாட்டியம் என்று நம் ஊர் அடையாளங்களை வைத்து அழகாகத்தான் செய்திருக்கிறார்கள். நம் பேத்தியை வழியனுப்பப் போனபோது நாமும் நின்று பார்த்தோம். இருந்தாலும், அந்தக் கட்டிடம் முழுவதையும் ஒரு நாள் பூட்டி வைத்தாலும் பந்தல் போட்டாவது பயணிகளை ஏற்றிவிடலாம். ஓடுபாதையில் ஒரு சாண் தண்ணீர் நின்றால் எதுவும் நடக்காது.

விமானமே ஏறாத மளிகைக் கடைக்காரருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஆண்டுக்கு இரண்டு கோடிப் பேருக்கு மேல் வந்து போகும் இடம் அது. மூன்றரை லட்சம் டன்னுக்கு மேல் சரக்கும் போய் வருகிறது. அந்தச் சரக்கில் பெரும் பகுதி, பயணிகள் உட்கார்ந்து போகிற அதே விமானத்தின் வயிற்றுக்குள்தான் போகிறது. நம் உறவுக்காரப் பையன் ஒருவன் கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழையிலை ஆகியவற்றைச் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அனுப்புகிறான். ராத்திரி பறித்தது மறுநாள் அங்கே கடையில் இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் பயணிகள் விமானம் நின்றபோது அவன் தொழிலும் நின்றது. ஊரடங்கில் ஆள் நடமாட்டம் நின்றது ஒரு காரணம். சரக்கை ஏற்ற விமானத்தின் வயிறே இல்லாமல் போனது பெரிய காரணம். மீனம்பாக்கம் தும்மினால் ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காய் விலை இறங்குகிறது. அந்தக் காய்தான் நம் கடைக்கும் வருகிறது.

இனி ஓடுபாதைக்கு வருவோம். அடையாறு, கோட்டூர்புரம், மந்தைவெளிப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் கல்லாவில் உட்கார்ந்தபடியே இதைச் சோதித்துப் பார்க்கலாம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தலைக்கு மேலே வரும் விமானம் பெரும்பாலும் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கிப் போகும். வடகிழக்குப் பருவத்தில் அதே வானத்தில் விமானம் ஏறிப் போகும். கடற்காற்று அடிக்கும் மாலை நேரங்களில் ஒரே நாளுக்குள்ளேயே மாறுவதும் உண்டு. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். எதிர்காற்று இறக்கையைத் தூக்கிக் கொடுக்கிறது, ஓடும் தூரமும் குறைகிறது. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07 என்றும் மறு முனையில் 25 என்றும் எழுதியிருக்கும். திசைகாட்டியில் ஏறக்குறைய 70 பாகை, 250 பாகை என்பதன் சுருக்கம் அது. நீளம் 3.6 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மயிலைக் குளத்திலிருந்து அடையாறு சிக்னல் வரை நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு போட்டால் ஏறக்குறைய அவ்வளவு வரும்.

இறங்கும் விமானம் மூன்று பாகைச் சரிவில் வருகிறது. மந்தைவெளிக்கு மேல் வரும்போது தோராயமாக 1,400 அடி உயரத்தில் இருக்கும். அந்தச் சரிவிலிருந்து பிசகாமல் இறங்க ஓடுபாதையின் ஓரத்தில் நிற்கும் கருவிகள் ரேடியோ அலையால் வழி காட்டுகின்றன. ஆனால் சாதாரண முறையில் 200 அடிக்கு வந்ததும் விமானி தன் கண்ணால் ஓடுபாதையையோ அதன் விளக்கையோ பார்த்தாக வேண்டும். தெரியவில்லையென்றால் மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். இந்த 200 அடி நமக்குப் பின்னால் வேலைக்கு வரும், நினைவில் வைத்திருங்கள்.

ஓடுபாதையை நாம் இத்தனை நாளும் அகலமான தார் ரோடு என்றுதான் நினைத்திருந்தோம். பெரியவர் சொன்ன பிறகுதான் அது நம் ஊர்ப் பக்கத்து மிளகாய்க் களத்தின் அண்ணன் என்று புரிந்தது. களத்தின் நடுவை லேசாக மேடாக்கி இருபுறமும் வாட்டம் விடுவோமல்லவா, அதேபோலத்தான். நடுவிலிருந்து ஓரத்துக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்கிற கணக்கில் வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். பார்த்தால் தெரியாது, மழை பெய்தால் தெரியும். முழுச் சுமையோடு ஒரு பெரிய போயிங் 777 சுமார் 350 டன் இருக்கும். பத்து டன் சரக்கு ஏற்றும் லாரிகள் முப்பத்தைந்தின் சரக்கை ஒரே வண்டியில் கட்டி, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் வைப்பதாக எண்ணிப் பாருங்கள். தரையைத் தொடும் கணத்தில் சக்கரம் சுழலாமல் நிற்கிறது. தொட்டதும் அந்த வேகத்துக்குச் சுழல வேண்டியிருப்பதால் டயர் ரப்பர் உருகித் தரையில் ஒட்டிக்கொள்கிறது. நாள் பட நாள் பட அது கறுத்துப் படிந்து, மழையில் எண்ணெய் சிந்திய கடைத் தரை மாதிரி வழுக்கும். அதை அவ்வப்போது வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரால் சுரண்டி எடுக்க வேண்டும். இதற்கு ஓடுபாதையை மூட வேண்டும். மூடினால் விமானம் தாமதமாகும். தாமதமானால் நாம் திட்டுவோம்.

மின்சாரம் போனால் ஓடுபாதை விளக்குகள் 15 விநாடிக்குள் மாற்று மின்சாரத்தில் எரிய வேண்டும் என்பது உலக விதி. தீயணைப்பு வண்டி ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இதைக் கேட்டதும் நமக்கு 2017 மே 31 நினைவுக்கு வந்தது. தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஒரு பெரிய துணிக்கடை அன்று அதிகாலை பற்றிக்கொண்டது. ஒரு நாளைத் தாண்டியும் எரிந்தது. கட்டிடத்தின் ஒரு பகுதி சரிந்து, பிறகு முழுவதையும் இடிக்க வேண்டியதாயிற்று. ரங்கநாதன் தெருவில் இன்று ஒரு தீ என்றால் வண்டி உள்ளே போக எத்தனை நிமிடம் ஆகும் என்று நம் உறுப்பினர்களே மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நடைபாதையில் நாம் அடுக்கி வைத்திருக்கும் அட்டைப் பெட்டிகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

எரிபொருளிலும் நமக்கு நன்மை ஒன்று உண்டு. மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து விமான நிலையம் வரை சுமார் 95 கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணுக்கடியில் குழாய் பதித்து விமான எரிபொருளைக் கொண்டு வருகிறார்கள். இல்லாவிட்டால் அத்தனையும் டேங்கர் லாரியில் வந்து நம் சரக்கு லாரிகளோடு சாலையில் இடித்துக்கொண்டு நிற்கும்.

இப்போது தண்ணீர். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அடையாற்றை நாம் பாலத்தின் மேலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற சாக்கடையாகத்தான் அறிவோம். சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், அடையாறு என்று நம் வட்டாரத்தைத் தொட்டுக்கொண்டு பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் விழுகிற இந்த ஆறு, அதற்கு முன்பே விமான நிலையத்தின் அடியில் புகுந்து வருகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் திருநீர்மலைக்கு அருகில் அடையாற்றில் சேர்கிறது. அங்கிருந்து அனகாபுத்தூர், மீனம்பாக்கம், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதை என்று இறங்கி நம்மிடம் வருகிறது. பெரிய ஓடுபாதையைக் குறுக்கே வெட்டிப் போகும் இரண்டாவது ஓடுபாதையை நீட்ட வேண்டி வந்தபோது ஆறு வழியில் நின்றது. ஆற்றைத் திருப்பாமல், அதன் மேல் தூண் நிறுத்திப் பாலம் போட்டு, பாலத்தின் மேல் ஓடுபாதையைக் கொண்டுபோனார்கள். சுமார் 2,000 மீட்டராக இருந்தது 2,900 மீட்டரை நெருங்கியது. இந்தியாவில் ஆற்றுக்கு மேலே ஓடுபாதை போகிற முதல் விமான நிலையம் இதுதான் என்று அப்போது பெருமையாகச் சொன்னார்கள். வேலை என்ற அளவில் பெருமைக்குரியதுதான். ஆனால் கொளப்பாக்கம் பக்கம் எழுந்த கட்டிடங்களின் உயரம் இடைஞ்சலாக இருப்பதாக விமான நிலைய ஆணையம் சொல்லிக்கொண்டேயிருந்தது. பெரிய விமானங்கள் பழைய பெரிய பாதையைத்தான் இன்னமும் நம்பியிருக்கின்றன. கிட்டங்கியைப் பெரிதாகக் கட்டிவிட்டு, லாரி திரும்ப இடமில்லாமல் போனது போல.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. அந்த மழையை யாருக்கும் விவரிக்கத் தேவையில்லை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே விழுந்த மழையும் அதோடு சேர்ந்துகொண்டது. ஆறு தன் பழைய அகலத்தைத் தேடிப் போனது. அன்றிரவு ஓடுபாதையில் தண்ணீர் ஏறி விமான நிலையம் மூடப்பட்டது. விமானங்கள் தண்ணீரில் நின்ற படங்களை உலகமே பார்த்தது. அரக்கோணத்திலுள்ள கடற்படையின் ராஜாளி விமான தளத்தைத் திறந்து அங்கிருந்து சில விமானங்களை இயக்கினார்கள். மீனம்பாக்கத்தில் பயணிகள் விமானம் திரும்ப டிசம்பர் 6 ஆகிவிட்டது.

அதே இரவில் சைதாப்பேட்டையில் ஆற்றிலிருந்து மூன்று தெரு தள்ளி இருந்த நம் கிட்டங்கிக்குள்ளும் அதே தண்ணீர் வந்தது. காலையில் நாம் போய்ச் சேர முடியவில்லை. மூன்றாம் நாள் இடுப்பளவு சேற்றில் போய்க் கதவைத் திறந்தால், துவரம் பருப்பு மூட்டைகள் ஊதி வெடித்து நாற்றம் எடுத்திருந்தன. சர்க்கரை அடுக்கியிருந்த இடத்தில் சர்க்கரை இல்லை. வெறும் சாக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தட்டையாகப் படுத்திருந்தன. காப்பீடு எடுத்திருந்தோம், தீ விபத்துக்கு மட்டும். வெள்ளத்துக்கும் சேர்த்துக் கட்டினால் வருடத்துக்குச் சில ஆயிரம் கூட ஆகும் என்று நாம்தான் வேண்டாமென்றோம். உறவுக்காரப் பையனின் கறிவேப்பிலைப் பெட்டிகள் அந்த ஆறு நாளில் என்ன ஆயின என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் பால் லிட்டர் நூறு ரூபாய்க்கு விற்றதும், மெழுகுவத்திக்கு வாய்க்கு வந்த விலை சொன்னதும் நம் இனத்தார் சிலர்தான் என்பதையும் இந்த இடத்தில் எழுதாமல் விட நமக்கு மனம் வரவில்லை.

நாம் அன்று சபித்தது ஏரியைத் திறந்தவர்களை. பெரியவர் பின்னாளில் ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணாச்சி, உங்கள் கிட்டங்கிக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாய் ஒன்று இருந்ததே, அது எங்கே?" இருந்தது உண்மைதான். 1980-களில் நாம் அந்த இடத்தை வாங்கியபோது இரண்டு முழ அகலத்தில் ஓடியது. பக்கத்துக் கட்டிடம் எழும்பியபோது பாதி போயிற்று. மீதிப் பாதியில், கழித்த மூட்டை, உடைந்த பலகை, அழுகிய உருளைக்கிழங்கு என்று நம் ஆட்கள் கொட்டினார்கள், நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு மேலிருந்து கொண்டு வந்தது பெருந்தண்ணீர், அதை அந்தச் சிறு கால்வாய் தடுத்திருக்காது. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகும் நம் தெருவில் தண்ணீர் மூன்று நாள் நின்றதற்கு அந்தக் கால்வாய் ஒரு காரணம். சர்க்கரை கரைந்தது அந்த மூன்று நாளில்தான்.

விமான நிலையத்துக்கும் இதுதான் கதை. உள்ளே எத்தனை நல்ல வாட்டம் வைத்தாலும், வழிந்த நீர் போய்ச் சேரும் ஆறு முகத்துவாரம் வரை திறந்திருக்க வேண்டும். ஆறு அடைபட்டால் ஓடுபாதையின் வடிகால் எங்கே போய்க் கொட்டும்? 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் மறுபடியும் ஓடுபாதையில் தண்ணீர் நின்று மூடினார்கள். இம்முறை மறுநாள் காலையே திறந்துவிட்டார்கள். பணம் கொட்டினால் தண்ணீரை வென்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் ஜப்பானைப் பார்க்கலாம். ஒசாகாவுக்குப் பக்கத்தில் கடலுக்குள் தீவையே கட்டி 1994-இல் கன்சாய் விமான நிலையத்தைத் திறந்தார்கள். அந்தத் தீவு கட்டிய நாளிலிருந்து அமிழ்ந்துகொண்டிருக்கிறது. 2018 செப்டம்பரில் வந்த ஜெபி சூறாவளியில் கடல் ஓடுபாதைக்கு வந்துவிட்டது. அவர்கள் அதன் பிறகு சுவரை உயர்த்தினார்கள், பம்புகளைக் காப்பாற்ற ஏற்பாடு செய்தார்கள், தீவு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அளந்து வெளியிடுகிறார்கள். அளந்து ஊருக்குச் சொல்லும் அந்தப் பழக்கத்தைத்தான் நாம் இறக்குமதி செய்ய வேண்டும்.

அடுத்தது பறவை. 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளில் 91-ஆவது விதி என்று ஒன்று உண்டு. விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள், பறவைகளை இழுக்கும்படி கழிவைக் கொட்டவோ, விலங்குகளை வெட்டி உரிக்கவோ கூடாது என்பது அதன் சாரம். அந்தப் பத்து கிலோமீட்டரை வரைபடத்தில் வட்டம் போட்டுப் பார்த்தோம். தியாகராய நகர் உள்ளே இருக்கிறது. அடையாறு உள்ளே இருக்கிறது. மயிலாப்பூர் விளிம்பில் நிற்கிறது. கடை மூடியதும் நாம் வாசலில் வீசும் அழுகல் காய்கறிக்கும், மீன் கடைக்காரர் ஓரமாகக் கொட்டும் செதிலுக்கும் வருகிற பருந்து, வயிறு நிறைந்ததும் வெயில் ஏற ஏற வட்டமிட்டு மேலே போகிறது. மேலே 1,400 அடியில் விமானம் வருகிறது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஏறிய ஒரு விமானம் வாத்துக் கூட்டத்தில் மோதி இரண்டு எஞ்சினும் நின்றுபோய் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தது விமானியின் திறமை. விமான நிலையத்துக்குள் வெடி போட்டும் ஒலி எழுப்பியும் புல்லைச் செதுக்கியும் பறவையை விரட்டுகிறார்கள். வெளியே நாம் தீனி போடுகிறோம்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பகுதியில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதற்கு நிறம் பிரித்த வரைபடமே இருக்கிறது. மாடி மேல் மாடி கட்டிவிட்டு, அதற்கும் மேலே விளம்பரப் பலகைக்கு இரும்புச் சட்டம் நிறுத்துகிறவர்கள் அதை ஒரு தரம் பார்ப்பது நல்லது.

இனி, முன்னே சொன்ன 200 அடி. போகியன்று விடியற்காலையில் காற்று அசையாது, தரை குளிர்ந்திருக்கும், பனி இறங்கும். குளிர்ந்த காற்றின் மேல் சற்றே சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்வதால் கீழே எழும் புகை மேலே போக வழியில்லை. புகைத் தூளைப் பிடித்துக்கொண்டு பனி இன்னும் கெட்டியாகிறது. 200 அடியில் ஓடுபாதை தெரிய வேண்டிய விமானிக்கு வெள்ளைத் துணிதான் தெரியும். 2018 ஜனவரி 13 அன்று அப்படித்தான் பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பின, பல ரத்தாயின. ஆண்டுதோறும் விமான நிலைய அதிகாரிகள் சுற்றுப்பகுதி மக்களிடம் டயர், பிளாஸ்டிக் எரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். போகி நம் பண்டிகை. பாயும் துடைப்பமும் எரித்தது நம் பாட்டன் வழக்கம். நாம் குறை சொல்வது அதையல்ல. முதல் நாள் இரவு கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் சாக்கையும், மெழுகு தடவிய அட்டையையும், சைக்கிள் டியூபையும் குவித்துக் கொளுத்தி, வருஷக் கழிவை ஒரே இரவில் செலவில்லாமல் முடித்துக்கொள்கிறோமே, அதை. மாநகராட்சி வந்து கேட்டாலும் போகி என்று சொல்லிவிடலாம் என்ற வசதி வேறு.

பரந்தூரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் உறுப்பினர்கள் விடமாட்டார்கள். 2022 ஆகஸ்டில் இடம் அறிவிக்கப்பட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் 5,000 ஏக்கருக்கு மேல்; செலவு இருபதாயிரம் கோடியைத் தாண்டும் என்றார்கள். மத்திய அரசின் கொள்கை ஒப்புதல் 2025 ஏப்ரலில் கிடைத்தது. மீனம்பாக்கம் மூடப்படாது, இரண்டும் இயங்கும் என்பது அரசின் வாக்கு. 2008-இல் பெங்களூரும் ஹைதராபாத்தும் ஊருக்கு வெளியே புதிது திறந்ததும் வியாபாரம் பெருகியதைப் பார்த்த நம்மில் பலர், இங்கும் சீக்கிரம் வரட்டும் என்கிறார்கள். சரக்குக்கு இடம் வேண்டும் என்பதில் நமக்கும் சந்தேகமில்லை. ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் எதிர்த்துப் போராடி வருகிறார்கள். அவர்கள் விளைவித்த நெல்லை அரிசியாக நாம் விற்றிருக்கிறோம், அந்த உறவை மறந்து அவர்களை முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்பவர்கள் என்று நம் கூட்டத்தில் ஒருவர் பேசியது நமக்கு உடன்பாடில்லை. அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, சைதாப்பேட்டையில் நாம் பதில் கேட்டுப் பட்ட கேள்வி. அந்த நிலத்தில் ஏரிகள் இருக்கின்றன, கம்பன் கால்வாய் போகிறது. அந்தத் தண்ணீர் இனி எந்த வழியாக, எந்த ஏரிக்கு, எவ்வளவு போகும்? முனையத்தின் மாதிரிப் படத்தை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். தண்ணீரின் வழியை வரைந்த படத்தை, கன அடிக் கணக்கோடு, தமிழில் அச்சிட்டு ஊர் ஊராக வைக்கும்படி நம் சங்கம் அரசைக் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து. திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தைச் சொல்வதுபோல, முப்பது ஆண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்கும் பணத்தையும் சொல்லச் சொல்ல வேண்டும். புதுக் கடைக்குத் தளவாடம் வாங்கப் பணம் வைத்துவிட்டு வெள்ளையடிக்க வைக்காதவரை நாம் நல்ல வியாபாரி என்று சொல்வதில்லை.

கேட்பதற்கு முன்னால் நம் பக்கத்துப் பாக்கி ஒன்று இருக்கிறது. சைதாப்பேட்டைக் கிட்டங்கியின் பின்புறம் நம் பங்குக்குரிய பாதிக் கால்வாயைச் சென்ற கோடையில் தோண்டிச் சுத்தம் செய்தோம். நான்கு டிராக்டர் மண்ணும் சாக்கும் வந்தது. மீதிப் பாதிக்குப் பக்கத்துக் கட்டிடக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் பிடி கொடுக்கவில்லை.

போகிக்கு ஓர் ஏற்பாடு யோசித்திருக்கிறோம். மார்கழி 20-ஆம் தேதியிலிருந்து ஒரு வாரம், நம் மினி லாரி காலை ஆறு மணிக்கு மயிலாப்பூர் மாட வீதியில் புறப்பட்டு, மந்தைவெளி, அடையாறு வழியாகத் தியாகராய நகருக்கு வரும். பிளாஸ்டிக் சாக்கு, அட்டை, டியூப், டயர் எதுவானாலும் கட்டி வாசலில் வையுங்கள். எடுத்துக்கொண்டு போய் மாநகராட்சி சேகரிக்கும் இடத்திலும் பழைய சாமான் கடையிலும் சேர்த்துவிடுகிறோம். பழைய சாமான் விற்ற பணம் சங்கக் கணக்குக்கு. டீசலும் டிரைவர் பேட்டாவும் நம் செலவு. ஏற்றி இறக்க இரண்டு ஆட்கள் மட்டும் போதவில்லை. தியாகராய நகர் கிளையிலிருந்து யார் அனுப்புகிறீர்கள் என்று அடுத்த கூட்டத்துக்கு முன் சொல்லி அனுப்பினால் நல்லது.